பாத்திரக் கடைக்கு நாலு டிபி

சிசிடிவி சர்வீஸில் வேலை சொதப்பி வாங்கிய திட்டுகளை எல்லாம் எப்போதோ மறந்துவிட்டேன். வேலை சுத்தமாக முடிந்து, கஸ்டமரும் கைகொடுத்து அனுப்பி, அதன் பிறகும் மனசை அரிக்கிற வேலை ஒன்று உண்டு. ஸ்ரீரங்கத்தில் ஒரு பாத்திரக் கடையின் டிவிஆரில், அதாவது கேமராப் படம் பதிவாகும் பெட்டியில், ஹார்ட் டிஸ்க் மாற்றியது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதைச் சொல்கிறேன்.

கடை இரண்டு பேருடையது. மூத்தவர் மாணிக்கம். இளையவர் செல்வம், மாணிக்கத்தின் மனைவி வள்ளிக்குத் தம்பி. கல்லாவுக்கு முறை வைத்திருந்தார்கள். ஒரு வாரம் மாணிக்கம் கடையில் உட்கார்ந்தால், செல்வம் கும்பகோணம் பக்கம் குத்துவிளக்கும் சொம்பும் எடுக்கப் போவார். மறுவாரம் மாற்றிக்கொள்வார்கள். கடையில் எட்டு கேமரா; நான் போட்டதுதான். டிவிஆரில் இருந்தது ஐநூறு ஜிபி டிஸ்க். ஒரு வார ரெக்கார்டிங் அதில் தங்கும். பிறகு பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும்.

சண்டை வராமல் இல்லை. வெளியூர் போனவர் திரும்பி வந்ததும், “நான் இல்லாதப்ப எனக்குத் தெரிஞ்சவருக்கு விலையே குறைக்கலையாமே” என்று ஆரம்பிப்பார். போட்டுப் பார்க்கலாம் என்றால் அந்த நாள் அழிந்து போயிருக்கும். இரண்டு பேரும் சற்று நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் டீ சொல்வார். அந்த டீயை நானும் பலமுறை குடித்திருக்கிறேன்.

ஒருநாள் ஒரு கஸ்டமர் வந்து, பாலிஷுக்குக் கொடுத்த விளக்கு தன் கைக்கு வரவே இல்லை என்று கத்தினார். அவர் வாங்கிப் போய் இருபது நாளாகிவிட்டது. இரண்டு பேருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது, காட்டுவதற்குத்தான் ரெக்கார்டிங் இல்லை. புது விளக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு எனக்கு போன் போட்டார்கள்.

“பெரிய டிஸ்க்கா மாட்டிடுங்கண்ணே” என்றார் செல்வம்.

“எவ்ளோ பெருசு வருமோ அவ்ளோ” என்று பக்கத்திலிருந்து மாணிக்கம் குரல் கொடுத்தார்.

அந்த டிவிஆர் எத்தனை டிபி வரை எடுக்கும் என்று முதலில் பார்த்தேன். அதைப் பார்க்காமல் டிஸ்க் வாங்கினால் பிறகு டிஸ்க் விற்ற கடைக்காரனோடு மல்லுக்கு நிற்க வேண்டியதுதான். வாங்கியது நாலு டிபி, பழையதைப் போல எட்டு மடங்கு; கேமராவுக்கென்றே வரும் சர்வைலன்ஸ் டிஸ்க். கம்ப்யூட்டருக்குப் போடும் சாதா டிஸ்க், ராப்பகலாக எழுதினால் தாங்காது. பவரை ஆஃப் செய்து, மூடியைக் கழற்றி, பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே சாட்டா கேபிளைப் புதியதில் செருகினேன். புது டிஸ்க்கைப் பதிவுக்குத் தயார் செய்ய மெனுவில் இனிஷியலைஸ் கொடுத்தேன், தேதியைச் சரிபார்த்தேன், எங்கிருந்தும் ரெக்கார்டிங்கைப் பார்க்க இருவர் போனிலும் ஆப்பை ஏற்றிக் கொடுத்தேன்.

“இனிமே கிட்டத்தட்ட ரெண்டு மாசத்துக்குக் கவலை இல்லை” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கும்பகோணம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு என்ன வேலை? போனை எடுத்து, தான் இல்லாத வாரத்தைப் பார்ப்பார். அது முடிந்தால் அதற்கு முந்தைய முறை. யார் சீக்கிரம் கடையைச் சாத்தினார், யார் யாரை விழுந்து விழுந்து கவனித்தார் என்று முதலில் சில்லறைப் பேச்சாகத்தான் இருந்தது. அப்புறம் மாணிக்கத்தின் கண்ணில் ஒன்று பட்டது. செல்வத்தின் முறையில் மாணிக்கத்தின் அப்பா கடைக்கு வந்திருக்கிறார். செல்வம் ஒரு வியாபாரியோடு பேசிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் காலி நாற்காலி. பெரியவர் நாலு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்.

என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். “இதுல சத்தம் வராதாண்ணே?” என்று கேட்டார் மாணிக்கம்.

“இந்த கேமராவுல மைக் இல்லீங்க.”

“நான் உட்காருங்க மாமான்னு சொன்னேன் மச்சான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவர்தான் நின்னாரு” என்றார் செல்வம்.

“நீ சொன்ன மாதிரியே தெரியலையே மாப்பிள்ளை.”

“என் முதுகுதானே தெரியுது? சொன்னது எப்படித் தெரியும்?”

புத்தூரிலிருந்து பெரியவரை ஆட்டோ வைத்து அழைத்து வந்தார்கள். அவர் திரையை உற்றுப் பார்த்தார். “மாசம் ஒண்ணாச்சேப்பா. சொன்னானோ என்னவோ, ஞாபகம் இல்லை. எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல, விடு” என்றார்.

“உங்களுக்கு இல்லாம இருக்கலாம்ப்பா. நான் கண்ணால பாத்துட்டேன்” என்றார் மாணிக்கம்.

அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பெரியவரைச் செல்வம் நிற்க வைத்துவிட்டான் என்று பேச்சு தடித்தது. அந்த வருடமே செல்வம் பிரிந்து, மலைக்கோட்டைப் பக்கம் தனிக்கடை போட்டார்.

வள்ளி ஒருநாள் என் கடைக்கு வந்தார்.

“அந்தப் பழைய சின்ன டிஸ்க்கையே திருப்பி மாட்டிடுங்கண்ணே.”

“டிஸ்க்கை மாத்தவே வேணாம்மா. எத்தனை நாள்ல அழியணும்னு செட்டிங்ல வைக்கலாம். ஏழுன்னு வச்சிடறேன்” என்றேன்.

அவர் முகம் ஒரு நிமிடம் தெளிந்தது. பிறகு அவரே தலையை ஆட்டினார். “அந்த நாலு நிமிஷத்தை அவரு போன்ல எடுத்து வச்சிருக்காருண்ணே. வர்ற சொந்தக்காரங்களுக்கெல்லாம் காட்டுறாரு. தை மாசம் பையனுக்குக் காது குத்தணும். என் தம்பி மடி இல்லாம எப்படிண்ணே?”

மாணிக்கத்திடம் போய் அதை அழித்துவிடச் சொன்னேன். “உங்க வேலை கேமராவோட நிக்கட்டும்ணே” என்றார்.

சமயபுரத்தில் காதுகுத்து. எனக்கும் பத்திரிகை வந்தது, போனேன். செல்வம் வரவில்லை. அவர் வராத இடத்துக்கு நாங்கள் எப்படி வருவது என்று வள்ளியின் சித்தப்பா பிள்ளைகளும் வராமல் இருந்துவிட்டார்கள். காது குத்துகிறவர் சாமான்களை எடுத்து வைத்துவிட்டு, “தாய்மாமன் யாருங்க? வந்து உட்காருங்க” என்றார். யாரும் அசையவில்லை. வள்ளி கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

“அண்ணே, நீங்க உட்காருங்க.”

உட்கார்ந்தேன். மூன்று வயதுப் பையன். ஊசியைப் பார்த்து அழவில்லை, என் முகத்தைப் பார்த்ததும், “செல்வம் மாமா எங்க?” என்று அழ ஆரம்பித்தான். மாணிக்கம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிவிஆர் எத்தனை டிபி எடுக்கும் என்று பார்ப்பதோடு, அந்தக் கடையை யார் யார் சேர்ந்து நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். சொந்தக்காரர்கள் என்றால் அழிக்கும் நாளைக் குறைத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள். நான் இப்போது சொல்கிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் வேறு ஆளைப் பார்க்கிறார்கள்.

வள்ளியின் பையன் இப்போது என்னைத்தான் மாமா என்று கூப்பிடுகிறான். கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.