கேரவனில் ஓர் ஒத்திகை

சக்கரம் வைத்த வீட்டுக்கு எது வாசல் என்று யோசிக்காமல், வழக்கம்போல் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி விட்டு ஏறினோம். காலையில் கதவைத் திறந்தால் மணல் மட்டும் இருந்தது. என் செருப்பும் இல்லை, என் கணவரின் ஷூவும் இல்லை. கடல் ஏறி வந்து எடுத்துப்போனதா, நாய் கவ்விக்கொண்டு போனதா தெரியவில்லை. "இந்தக் கடற்கரையில செருப்ப வாசல்ல விட்ட முதல் குடும்பம் நாமளாத்தான் இருப்போம்," என்றார் அவர். வீட்டுக்குள் செருப்போடு நடக்கக் கூடாது என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித்தந்தார்கள். வீட்டையே கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

கேரவன் எங்களுடையது அல்ல. என் கணவர் வேலை பார்த்த கட்டுமான நிறுவனத்தின் மேனேஜர் ஓர் ஆங்கிலேயர். குளிர்காலம் முழுவதும் அதை ஷார்ஜாவைத் தாண்டி உம் அல் குவைன் கடற்கரையில் நிறுத்தி வைத்திருப்பார். ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் ஓர் அறை அது. அதற்குள்ளேயே அடுப்பு, குளியலறை, மேசை எல்லாம் உண்டு. மேசையை மடக்கினால் கட்டில். எங்கள் ஷார்ஜா ஃப்ளாட்டை விட்டு அதைவிடச் சிறிய இடத்துக்குப் போவதற்கு உல்லாசம் என்று பெயர். "வாரம் பூரா சைட்ல கேபினுக்குள்ள கிடக்கேன். லீவுக்கும் கேபினா," என்று சிரித்தார் என் கணவர். அவருடைய ஆட்கள் வருடக்கணக்காக எட்டுப் பேராக ஒரு கேபினில் இருந்தார்கள்; அதை யாரும் கேம்பிங் என்று சொன்னதில்லை, கேம்ப் என்றுதான் சொன்னார்கள். நான் குக்கர், அரிசி, தோசை மாவு, சுக்குப்பொடி, காய்ச்சல் மருந்து எல்லாம் எடுத்துக்கொண்டேன். காய்ச்சல் மருந்து பிள்ளைக்கானது. பிள்ளை எங்களோடு வரவில்லை.

அதுதான் விஷயம். மீனுவுக்கு அப்போது இரண்டரை வயது. ஓர் இந்தியப் பள்ளியில் ஏப்ரலில் சேரச் சொல்லி எனக்கு வேலை வந்திருந்தது. எம்.எஸ்ஸி., பி.எட். படித்துவிட்டு இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் என் கணவரின் அக்கா, சாந்தி மதினி, பிள்ளை இல்லாதவர். "ஸ்கூல் போற வரைக்கும் எங்கிட்ட விடுங்க டே, நான் வளத்துத் தாரேன்," என்று அவர் போனில் கேட்டபோது மறுக்க எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் கட்டிடத்திலேயே மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஊரில்தான் வளர்ந்தார்கள். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய போட்டோக்களில் பல் முளைத்து, மொட்டை போட்டு, யூனிஃபார்ம் மாட்டினார்கள். மதினி ஒரு சின்னக் கட்டில்கூட வாங்கி மஞ்சள் விரிப்பு விரித்துவிட்டார். மார்ச்சில் போகும்போது மூன்று டிக்கெட், திரும்பும்போது இரண்டு என்பது வரை பேச்சு வந்துவிட்டது.

நான் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் யாருக்கோ துரோகம் என்று பட்டது. என் கணவர் எஞ்சினியர். எதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்வார். "ஒரு ராத்திரி விட்டுப் பாப்போம். அழுதாள்னா இந்தப் பேச்சே வேண்டாம். அழலன்னா அக்காட்ட சொல்லிருவோம்," என்றார். வியாழன் மதியத்தோடு வேலை முடிந்து வெள்ளி விடுமுறையாக இருந்த காலம் அது. எதிர் ஃப்ளாட்டு ரம்லா இத்தா, மலப்புறத்துக்காரி, மீனுவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஒரு குழப்பமும் இல்ல மோளே, போயிட்டு வா," என்றார். மீனு எனக்குக் கை காட்டினாள்.

கேரவனுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. தண்ணீர் விளிம்பு வரை நடந்தால் ஒரு கோடு வரும். இருட்டுவதற்குள் நான்கு தடவை அங்கே போய் நின்றேன். "சோறுண்டாச்சு," என்றார் இத்தா. அப்புறம், "களிக்குது," விளையாடுகிறாளாம். அப்புறம், "உறங்கியாச்சு. இனி நீ போன வெச்சிட்டுக் கடலப் பாரு." அழுதாளா என்று கேட்டேன். "எதுக்கு அழணும்?" என்று இத்தா கேட்டார், அவர் வளர்ப்பில் நான் குற்றம் கண்டதுபோல. போனை மூடிவிட்டு அலையில் நின்றுகொண்டு, என் பிள்ளை அழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்றவள் வேண்டிக்கொள்ளக்கூடியதா என்று உடனே பயந்து, கொஞ்சமாக அழுதால் போதும் என்று திருத்திக்கொண்டேன்.

காலையில் நாங்கள் வெறுங்காலோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேனேஜரின் மனைவி மார்கரெட் வந்தார், கேஸ் சிலிண்டரைப் பார்க்கவென்று. செருப்புக் கதையைக் கேட்டுச் சிரித்து, சீட்டுக்கடியிலிருந்து தன் கணவரின் பழைய கான்வாஸ் ஷூவையும் தன்னுடைய ரப்பர் செருப்பையும் எடுத்துக் கொடுத்தார். அவர் செருப்பில் என் இரண்டு காலும் ஒன்றாகவே நுழையும். குழந்தை எங்கே என்று கேட்டார். பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறோம் என்றேன். "வெல் டன்," என்று என் தோளைத் தட்டினார். அது பாராட்டா குத்தலா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் பொருந்தட்டும் என்று ஸாரி சொன்னேன். அவர் குழம்பிப்போய், "நோ, நோ," என்று என் குக்கரைப் பார்த்தார்.

குக்கர் பின்பக்கத்துச் சின்னப் படுக்கையில் இருந்தது. அதற்குத்தான் ஸாரி என்று நினைத்துவிட்டார் போலும். அங்கே மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகள், ராக்கெட் படம் போட்ட விரிப்பு, தலையணைக்கு ஒரு கரடி பொம்மை. அவருடைய மகன்களுக்கானவை, எட்டு வயது ஒருவன், பத்து வயது ஒருவன், இருவரும் இங்கிலாந்தில் ஹாஸ்டல் பள்ளியில். நான் அவசரமாகக் குக்கரை எடுத்து, விரிப்பைத் தட்டிவிட்டேன். பாக்கெட்டிலிருந்து பிரித்த மடிப்புத் தடம் அப்படியே இருந்தது.

"அவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்," என்றார் மார்கரெட்.

எத்தனை தடவை வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"இன்னும் வரவில்லை," என்றார். பள்ளி விடுமுறை ஜூலையில். ஜூலை வெயிலில் கேரவனுக்குள் மனிதர் இருக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு இவர்கள் அங்கே போய்விடுவார்கள். "ஆனால் பிடிக்கும்," என்று கரடியை நேராக உட்கார வைத்தார்.

திரும்பி வரும்போது காரில் என் கணவர், "அவங்களும் அனுப்பத்தான் செய்யாங்க, பாத்தியா," என்றார். நானும் அதையேதான் பார்த்தேன்.

மீனு என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. துணி பொம்மை பாப்புவை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்து, இத்தாவின் சோபாவில் உட்கார்த்தி, "டாட்டா, சமத்தா இரு," என்று சொல்லி அடுத்த அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். "நேத்திருந்து இதே களிதான்," என்றார் இத்தா. என் கணவர் என்னைப் பார்த்து, "அழவே இல்ல," என்றார். சோதனை வெற்றி. அந்தச் சந்தோஷத்தில் மாலையே எங்களை, பாப்புவையும் சேர்த்து, துபாயில் நடந்த கண்காட்சிக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கூடாரம். அட்டையும் பிளாஸ்டரும் கொண்டு எழுப்பிய கோட்டைகள் வழியாக எகிப்தில் நுழைந்து, சிரியாவில் சோளம் தின்று, இந்தியாவில் ஒட்டகத்தின்மேல் ராஜஸ்தான் பொம்மைகளைப் பார்த்தோம். திருநெல்வேலி எங்கேயும் தென்படவில்லை. ஒரு சூடானியப் பெண்மணி மீனுவின் கன்னத்தைக் கிள்ளி, எந்த நாடு என்று கேட்டார். "ஷார்ஜா," என்றாள் மீனு. ஏமனின் தேன் கடையில் கொஞ்ச நேரம் நின்றோம். மார்கரெட்டின் செருப்பு என்னை ஒவ்வோர் அடிக்கும் பின்னால் இழுத்தது.

கார் நிறுத்திய இடத்துக்கு வந்த பிறகுதான் மீனுவின் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன்.

"பாப்பு எங்கட்டி?"

"விட்டுட்டேன்."

"எங்க விட்ட?"

"தாடி மாமாட்ட. டாட்டா சொல்லிட்டேன்." எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, எங்களைத் தேற்றுவதுபோலச் சொன்னாள்: "அது அழாதும்மா. அழாம இருந்தா சமத்து."

 என் கணவர் கார்ச் சாவியை என் கையில் திணித்துவிட்டு, இன்னொருவரின் ஷூவில் ஓடினார். அந்தச் செருப்போடு என்னால் ஓட முடியாது. மீனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லா நாடுகளின் விளக்குகளுக்கும் வெளியே நின்றேன். வெகுநேரம் கழித்து பாப்புவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார், நிஜப் பிள்ளையைத் தூக்குவதுபோல. தேன் கடைக்காரர் அதை ஒரு ஸ்டூலில் உட்கார்த்தி, முன்னால் ஒரு பேரீச்சம்பழமும் வைத்திருந்தாராம். ஷார்ஜா சிக்னலில் நின்றபோது, "அக்காட்ட நானே பேசுதேன்," என்றார். இரண்டு மாதமாக மனதுக்குள் எழுதி அடித்துக்கொண்டிருந்த வாக்கியம், என் உதவி இல்லாமலே முடிந்துவிட்டது.

பள்ளிக்கு அந்த வருடம் வரவில்லை என்று சொன்னேன். "அதுக்கென்ன டே, பிள்ள தாய்ட்ட இருக்கதுதான முறை," என்று மதினி போனில் அவரிடம் உடனே சொல்லிவிட்டார். அவ்வளவு உடனே சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. ஜூலையில் மூன்று பேராக ஊருக்குப் போனோம். மஞ்சள் விரிப்புக் கட்டிலில் மீனு ஒரு நாளும் தூங்கவில்லை. எங்களுக்கு நடுவில் குறுக்கேதான் கிடந்தாள். கிளம்பும் நாளில் பாப்புவை அந்தக் கட்டிலில் படுக்க வைத்து, கழுத்து வரை போர்த்திவிட்டு வந்து காரில் ஏறினாள். அது அன்பா, பழக்கிவிட்ட பாடமா என்று விமானப் பயணம் முழுவதும் யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசுகிறோம். மதினி விரிப்பைத் துவைத்துப் போட்டதாகச் சொல்வார். மீனு போனைப் பிடுங்கி, "அத்தே, பாப்பு அழுதுச்சா?" என்று கேட்பாள்.  லைன் போய்விட்டதோ என்று நான் போனை வாங்கப் போகும்போது குரல் வரும்.

"இல்ல தங்கம். அழல."