வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்து

மாமாவின் வலது குதிகாலில் எழும்பியிருந்த கொப்புளம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். வலித்திருக்கும், நிஜமாகவே வலித்திருக்கும். அந்தக் கொப்புளமும் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

குமராட்சிப் பக்கம், எங்கள் ஊரை ஒட்டி, கொள்ளிடத்தின் நடுவே ஒரு திட்டு. ஆள் உயரத்துக்கு நாணல். அதற்குள் நீர்நாய்கள் குட்டி போடும். ஆறு வற்றிக் கிடக்கும் மாதங்களில்கூட அங்கே யாரும் விறகு ஒடிக்கப் போனதில்லை. அங்கே மணல் குவாரி வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் முதலில் கொதித்தவர் அம்மாவின் தம்பியான இந்த மாமாதான். கடலூர் கலெக்டர் ஆபீஸ் வரை நடந்தே போய் மனுக் கொடுப்போம் என்றார். ஊரே அவர் பின்னால் நின்றது. நானும்தான்.

அப்போது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். "மனுவ நானே அடிச்சிடறேன் மாமா" என்றேன்.

"அத கடலூர்ல வக்கீல் பாத்துப்பாரு. சட்டப் பாயிண்டெல்லாம் போடணும். நீ கையெழுத்த மட்டும் வாங்கிடு."

எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். ரோடோ, தெருவிளக்கோ, எதற்கானாலும் முதலில் வெள்ளைத்தாளில் கையெழுத்து, விஷயம் பிறகு. தினமும் மனு அடித்துப் பிழைத்த எனக்கே அதில் தப்பு தெரியவில்லை என்றால் யாரை நொந்துகொள்வது? ஒவ்வொரு தாளிலும் மேல்பாதியை வக்கீலுக்கு விட்டு, நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தேன். வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டு அத்தை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் பேரை எழுதினார்.

மூன்று நாள் நடந்தோம். ஆலப்பாக்கம் அருகே முன்பின் தெரியாத பெண்கள் புளிச்சோறு பொட்டலம் கட்டி வந்து கையில் திணித்தார்கள். கடலூரில் ஐந்து பேர்தான் உள்ளே போகலாம் என்றது போலீஸ். வக்கீல் உள்ளேயே இருக்கிறார் என்றார் மாமா; மேல்பாதி வெறுமையாகவே தாள்கட்டை அவரிடம் கொடுத்தேன். வெளியே வெயிலில் கோஷம் போட்டு எங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. திரும்பி வந்த மாமா "நல்ல சேதிதான்" என்று சிரித்தார். பைத்தியக்காரி மாதிரி நான்தான் முதலில் கை தட்டினேன்.

பொங்கல் கழிந்ததும் திட்டில் மணல் அள்ள பொக்லைன் வந்தது. மறிக்கப் போனவர்களிடம், ஊரே ஒத்துக்கொண்ட கடிதம் இருக்கிறது என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டு நகல் வாங்கினேன். மணல் எடுக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஊருக்குத் தார் ரோடு வேண்டும் என்று அடித்திருந்தது. அதன் கீழே நான் கிழித்த கோடு. கோட்டுக்குக் கீழே எங்கள் பேர்கள்.

மாமாவிடம் போய் நின்றேன். அவர் பதறவில்லை. "நாம வேணான்னாலும் அவுங்க அள்ளத்தான் போறாங்க. ரோடாவது வந்துச்சுல்ல."

"பின்ன எதுக்கு மாமா அம்மாந்தூரம் நடந்தோம்?"

"நடந்ததாலதாம்மா ரோடு குடுத்தாங்க."

கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாரா, அந்தக் கதவுக்குள் போனபிறகுதான் மனம் மாறினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பிடிக்கவில்லை. அவர் வீட்டு வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகிறது.

இப்போது திட்டு இல்லை. போன மாதம் இன்னும் மேற்கே, அடுத்த நாணல்காட்டில் அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். மறுபடி நடக்கலாம் என்று சிலர் கிளம்பினோம். இந்த முறை மனுவை முழுசாக நானே அடித்தேன். எதிர்வீட்டு அத்தையிடம் போய் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்று தாளை என்னிடமே நீட்டினார். "போன தடவ உங்க மாமன நம்பியாம்மா போட்டோம்? உன்ன நம்பித்தான போட்டோம்."