காஸ்டிக்கில் வெந்த ஹெட்

இந்தக் காரைப் படம் எடுக்க இப்போது ஆட்கள் வருகிறார்கள். போன மாதம் பெங்களூரிலிருந்து நாலு பேர். தரையோடு தரையாகப் படுத்து எடுக்கிறார்கள், அதன் மூக்கைத் தொட்டுப் பார்க்கிறார்கள், எழுபதுகளில் வந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் இப்படிக் குறையில்லாமல் தமிழ்நாட்டிலேயே இல்லை என்று எனக்கே சொல்லித் தருகிறார்கள். பிறகு எல்லோரும் அதே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: எப்படி சார் இத்தனை வருஷம் காப்பாற்றினீர்கள்? சும்மா சிரித்துவைக்கிறேன். எனக்கு இடுப்பு போய்விட்டது. குனிந்து, மடங்கி, உள்ளே விழவேண்டிய கார் இது. விழுந்துவிடுவேன், எழுந்திருக்கத்தான் கை கொடுக்க ஆள் வேண்டும். மாதம் ஒருமுறை பேட்டரியை மாட்டி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்துப் படுதாவைப் போர்த்துவேன். ஆசையில் செய்வதில்லை. பழகிய வேலை, விட முடியவில்லை.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் நான் பிட்டராக இருந்தவன், எந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிற வேலை. ஆலையிலிருந்து மூன்று மைலில் எங்கள் ஊர். பக்கத்து ஊர் பெரிய கரும்பு விவசாயி ஒருவரின் மருமகன் மலேயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கார் இது. கரும்பு வண்டிப் பாதையில் இதை ஓட்டியிருக்கிறார், அந்த மகானுபாவர். தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஜாண் இருந்தால் அதிகம். கல் அடித்து அடித்தொட்டி உடைந்து, எண்ணெய் முழுக்க வழிந்தது தெரியாமல் இன்னும் நாலு மைல் ஓட்டி, எஞ்சினை இறுக வைத்துவிட்டுத் திரும்பக் கப்பல் ஏறிவிட்டார். அதன்பின் பத்து வருஷம் மாமனார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நின்றது. மாட்டு மூத்திரம் அடித்தகட்டைத் தின்றது. இருக்கையில் கோழி முட்டையிட்டது. அவர்கள் வீட்டுப் பம்புசெட்டை நான்தான் வருஷம் முழுக்கப் பார்த்துவந்தேன். கூலிக்குப் பதில் இதை எடுத்துக்கொள் என்று பெரியவர் சொன்னார், நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டில் என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், மாடாவது பால் கறக்கும் என்றாள்.

நான் இரும்பு வேலைக்காரன். இந்தக் கார் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது இன்னொருவனுக்கு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்கள் ஆலையில் சீசன் ஆளாக இருந்தான். சீசன் ஆள் என்றால் அரவை நடக்கும் மாதங்களில் மட்டும் வேலை, அரவை முடிந்தால் வீட்டுக்குப் போகவேண்டும். அந்தச் சும்மா இருக்கும் மாதங்களில் கள்ளக்குறிச்சியில் ஒரு பைக் கடைக்குப் போய்வந்தான். என் வயதுதான், ஒன்றிரண்டு குறைவாக இருக்கலாம். எங்கள் ஊர்க் காலனியில் வீடு. ஒரு நாள் காரை நான் நிறுத்தியிருந்த என் வீட்டுக் கொட்டகைக்கு வந்து எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கார்பரேட்டரையும் தடவிக்கொடுத்தான். மறுநாள் அவன் சொந்த ஸ்பேனரோடு வந்தான்.

நாலு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் குவியல்களில் கிளறினோம். பிஸ்டன் ஒரு வண்டியிலிருந்து, பிரேக் ரப்பர் இன்னொன்றிலிருந்து, பேன் பெல்ட் கிணற்று ஆயில் எஞ்சினிலிருந்து. அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். கொட்டகையில் அவன் என்னை நீ, வா, போ என்பான். ஊர்க்காரர் யாராவது வாசலில் தலைகாட்டினால் அதே வாய் வாங்க, போங்க என்று மாறிவிடும். நானும் அதைப் பார்த்துச் சிரிப்பேன். கொட்டகைக்குள் நீ என்று பேசவிட்டதற்காக என்னையே மெச்சிக்கொண்டும் இருந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

காருக்கு அவன் கூலி வாங்கவில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அதை அவன் மறைத்ததுமில்லை. ஆலையில் நிரந்தரப் பிட்டர் வேலை ஒன்று காலி. ஒன்பது சீசன் வேலை பார்த்தவனுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை, வயது வரம்பும் நெருங்கிவிட்டது. புரட்டாசிக் கடைசியில் இண்டர்வியூ, கார்டும் வந்துவிட்டது. எஞ்சினியர் என் பேச்சைக் கேட்பார். அன்றைக்கு நான் கூடவே வருகிறேன், ஆளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன், நீ கவலைப்படாதே என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தேன்.

அந்தப் புரட்டாசி தொடக்கத்தில்தான் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலைமறியல். மறியல் செய்தது என் ஆட்கள்தான், என் பங்காளிகள், என் அண்ணன் மகன். கேட்டதில் நியாயம் இருந்தது, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ரோட்டோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் மைல் கணக்கில் லாரிகள் நின்றன. பால் வரவில்லை, பேப்பர் வரவில்லை, ஆலைக்குப் போகமுடியவில்லை. எனக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. ஏழு நாள், நானும் காரும்.

எஞ்சின் முழுக்கச் சேர்த்தாகிவிட்டது, பாக்கி ஹெட் மட்டும். ஹெட் என்பது எஞ்சின் தலையில் மூடிபோல் உட்காரும் பாகம், வால்வுகள் எல்லாம் அதில்தான் இருக்கும். பத்து வருஷக் கரி அதில் அடைபோல் அப்பியிருந்தது. மறியலுக்கு முதல் நாள் அவன் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, இது அலுமினியம், மூங்கில் சிம்பும் மண்ணெண்ணெயும் வைத்துச் சுரண்டவேண்டும், நான் வந்து செய்கிறேன், அதுவரை தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் காலனிப் பக்கம் புகை எழுந்தது. நாலு வீடு எரிந்துவிட்டதாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. எந்த நாலு வீடு என்று நான் கேட்கவில்லை. வரப்பு வழியாக நடந்தால் காலனி கால் மணி நேரம். ரோட்டில்தான் மரம் கிடந்தது, வரப்பில் ஒன்றும் கிடக்கவில்லை. போனால் என் பங்காளிகள் கேட்பார்களே என்று ஒரு பயம், போகாமலிருக்க அது போதுமானதாக இருந்தது.

போகாத மனசு சும்மா இருக்குமா? கைக்கு வேலை தேடியது. நாலாம் நாள் காலையில் அந்த ஹெட்டை எடுத்தேன்.

அரவை முடிந்ததும் எங்கள் ஆலையில் பெரிய வேலை காய்ச்சும் கலன்களைக் கழுவுவது. சாறு காய்ச்சிக் காய்ச்சிக் குழாய்களுக்குள் கல்போல் கசடு படிந்திருக்கும். காஸ்டிக் சோடாவைக் கரைத்து விட்டு ஒரு நாள் முழுக்கக் கொதிக்கவிட்டால் கழன்று வந்துவிடும். இருபது வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து, எந்த அழுக்குக்கும் எங்களுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். டிராக்டர் ஹெட், பம்புசெட் ஹெட் எல்லாவற்றையும் அப்படித்தான் கழுவுவோம். எல்லாம் இரும்பு, இரும்பைக் காஸ்டிக் தின்னாது. எங்கள் ஆலை ஆட்களில் யாரிடம் கொடுத்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அவர்களில் யாரிடமும் தொடாதே என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போகவில்லை. எனக்குச் சொல்லியிருந்தான். சுரண்டுவது நேரம் தின்னும் வேலை, அவன் வருவதற்குள் வெள்ளையாக்கி வைத்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன். சவுக்காரம் காய்ச்சுகிறவர் வீட்டில் காஸ்டிக் வாங்கி, நெல் அவிக்கும் அண்டாவில் கரைத்து, அடுப்பேற்றி, ஹெட்டை உள்ளே இறக்கினேன்.

உலைச்சோறு போலப் பொங்கியது. நல்ல அறிகுறி என்றுதான் நினைத்தேன், விறகைக் கூடத் தள்ளிவிட்டேன். நாற்றம் மூக்கை அரித்தது. பொங்கல் அடங்காததைப் பார்த்துக் கம்பியால் தூக்கியபோது கரி போயிருந்தது, கூடவே உலோகமும் போயிருந்தது. மழமழவென்று இருந்த முகம் முழுக்கக் குழி. வால்வு உட்காரும் விளிம்பெல்லாம் கரையான் தின்ற நிலைக்கட்டை மாதிரி பொடிந்து நின்றது. இந்தக் காருக்கு இன்னொரு ஹெட் இந்த நாட்டில் எங்கும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். நாலு வருஷத்தை அரை மணி நேரத்தில் அவித்துவிட்டேன்.

மறியல் முடிந்த மறுநாள் காலை அவன் வந்தான். கொட்டகை வாசலிலேயே நின்றான். சட்டை அவனுடையது இல்லை, தோளில் தொளதொளவென்று தொங்கியது. அதைக் கண் பார்த்தது, புத்தியில் ஏறவில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். காஸ்டிக், அண்டா, பொங்கியது, தூக்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவன் ஹெட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நல்லா தண்ணி ஊத்திக் கழுவி, எண்ண தடவி, துணி சுத்தி வை. கோயமுத்தூர்ல அலுமினியம் பத்த வைக்கிறவங்க கீறாங்கன்னு கேள்வி,” என்றான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான்.

எரிந்த நாலில் ஒன்று அவன் வீடு என்று அன்று மத்தியானம்தான் தெரிந்தது. உடனே போயிருக்கவேண்டும். என்ன முகத்தோடு போவது என்று ஒரு நாள் தள்ளிப்போட்டேன், அது இரண்டாயிற்று, நாலாயிற்று. எப்படியும் இண்டர்வியூ அன்று ஆலை வாசலில் பார்ப்போம், அன்று எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பத்து மணியிலிருந்து வாசலில் நின்றேன். அவன் வரவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவன் குடும்பத்தோடு உளுந்தூர்பேட்டைக்கு, மச்சான் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வருத்தம் இருந்தாலும் வந்து தலைகாட்டியிருக்க வேண்டாமா, நான் பேசிவைத்திருந்தேனே, கையில் வந்ததைத் தட்டிவிட்டுப் போய்விட்டானே என்று ஆலையில் பலரிடம் சொன்னேன். வருஷக்கணக்கில் சொன்னேன். அப்படிச் சொல்லச் சொல்ல எனக்குச் சுமை குறைந்தது, அதுதான் உண்மை.

ஹெட்டைக் கோயமுத்தூரில் பற்றவைத்து, கடைந்து, வால்வுக்குப் புது விளிம்பு போட்டு வாங்கிவர மூன்று வருஷம் ஆயிற்று. கார் ஓடியது. ஊரே வந்து பார்த்தது. ஆனால் இரண்டு கார்பரேட்டரும் ஒத்துப்போகவில்லை, ஒன்று இழுத்தால் ஒன்று இருமும். கல்வராயன் மலையில் கரியாலூருக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். மூன்றாவது வளைவில் கார் நின்றுவிட, கேழ்வரகு மூட்டை ஏற்றிவந்த மலைக்காரர்கள் தள்ளித் திருப்பிவிட்டார்கள். நாலு மெக்கானிக் கை வைத்தும் சரிப்படவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவனைத் தேடிப் போனேன்.

உளுந்தூர்பேட்டையில் திருச்சி ரோட்டோரம் ஒரு லாரிப் பட்டறையில் இருந்தான். தலை நரைத்திருந்தது. பட்டறை ஆட்கள் எதிரில் என்னை வாங்க என்றான். காரைப் பார்த்ததும் மற்ற வேலையை விட்டுவிட்டு, ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்தான். ஒரு முனையைக் கார்பரேட்டர் வாயில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்து, அது காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்டான். அடுத்ததில் வைத்துக் கேட்டான். திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி கேட்டான். முக்கால் மணி நேரம் இப்படியே மாறி மாறிக் கேட்டான். கடைசியில் எஞ்சின் சத்தம் ஒரே நூலாக வந்தது. இருமல் இல்லை, நடுக்கம் இல்லை.

சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. வா, ரெண்டு பேரும் கரியாலூர் வரைக்கும் போய்வருவோம் என்றேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் எப்படியோ, மனசில் இத்தனை வருஷம் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு இண்டர்வியூவுக்கு ஏன் வரவில்லை, நான் வாசலிலேயே நின்றேனே என்றேன். குறையாகத்தான் கேட்டேன்.

அவன் உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான்.

“இன்னாத்த எடுத்துக்கினு வர்றது? ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்டு, சாதி சர்ட்டிபிகேட்டு, கார்டு, எல்லாம் வூட்டோட போச்சு. தாலுக்கா ஆபீசுல வேற குடுக்க ஒரு மாசம் ஆவும்னாங்க. நீ எஞ்சினியராண்ட ஒரு வார்த்த சொன்னா டைம் குடுப்பாரு. அதக் கேக்கத்தான் அன்னிக்குக் காலைல உன்னாண்ட வந்தேன்.”

கேட்டிருக்கலாமே, வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“நீ அந்த ஹெட்ட மடில வச்சிக்கினு அழுதுக்கினு இருந்த. அத்தப் பாத்துக்கினு எப்படிக் கேக்கறது,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான்.

அழுதது எனக்கு நினைவில்லை. இத்தனை நாள் இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருமுறைகூட நான் அழுததைச் சொன்னதில்லை. அவன் சொன்ன பிறகுதான் மடியில் அந்த ஹெட்டின் கனம் ஞாபகம் வந்தது. மன்னிப்பு கேட்கவேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஒரு லாரி உள்ளே வர, அவன் அதைப் பார்க்கப் போய்விட்டான்.

நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்தக் கார் அன்று ஓடியதுபோல் அதற்கு முன்பும் ஓடியதில்லை, பின்பும் ஓடியதில்லை. எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி என்று வீடுவரை ஒரு இடத்தில்கூட அது நிற்கவில்லை. நான்தான் வழியில் இரண்டு முறை, திரும்பிப் போகலாமா என்று நிறுத்தினேன்.