ரெசின் ஊற்றி மூடிய கேம் பெட்டி

டிவியில் சொருகி விளையாடும் கேம் பெட்டி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, திருவொற்றியூரில் ஒரு தகரக் கொட்டகைக்குள் அதைச் செய்து காட்டியவன் நான். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. காசிமேட்டில் ஃபைபர் படகு செய்யும் இடத்தில் ஊற்றினால் கல்லாக உறையும் ரெசின் பிசினைக் கலக்கிக் கைபழகினேன். பிறகு வீடியோ கேம் கடை வைத்தேன், பழுதான மெஷின்களைச் சரிசெய்தேன், கடைசியில் மெஷினையே செய்தேன். எவனும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பெட்டியைச் செய்துவிடலாம். அதில் ஓடும் கேமை எழுத வேறு ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் ராயபுரத்தில் கிடைத்தாள். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இவள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்தே கேம் எழுதுகிறவள். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில்கள் மோதாமல் தண்டவாளம் மாற்றிவிடும் கேம் ஒன்றை எங்கள் முதல் பெட்டிக்கு எழுதிக் கொடுத்தாள். அந்தக் கேசட்டுக்காகவே பெட்டி வாங்கினவர்கள் உண்டு. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எங்களுக்கு எழுத வந்தார்கள்.

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு தொல்லைதான். எண்ணூர், வள்ளூர் பக்கம் விற்றதெல்லாம் துருப்பிடித்துத் திரும்பி வந்தது. அங்கே காற்றில் கடல் உப்பும் இருக்கிறது, அனல்மின் நிலையச் சாம்பலும் இருக்கிறது. நான் படகு செய்தவன் அல்லவா, எனக்கா வழி தெரியாது? இரண்டாவது பெட்டியில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு மேலேயே ரெசினை ஊற்றி உறைய வைத்தேன். கேசட் போகும் வாயும் மூன்று வயர்களும் மட்டும் வெளியே. கடைக்காரர்கள் கண்ணெதிரே அதைக் கடல் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைத்து, டிவியில் சொருகினேன். ஓடியது. எந்தப் பெரிய கம்பெனிக்காரன் இப்படிச் செய்து காட்டுவான்?

ஆனால் அந்தப் பெட்டிக்கு யாரும் கேம் எழுதவில்லை. ராயபுரத்துப் பெண் மெல்ல மெல்ல வருவதை நிறுத்தினாள். மற்ற இருவரும் செல்போன் கேம் எழுதப் போய்விட்டார்கள். புதுக் கேசட் இல்லாமல் புதுப் பெட்டியை எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். கொட்டகையில் போர்டுக்கு ஈயம் பற்றவைக்கும் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் மீனவக் குப்பத்துப் பெண்கள். பெட்டி போகாவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான். என்னோடு சேர்ந்து நடத்துகிற என் மகள், அடுக்கி வைத்த பெட்டிகளைக் காட்டிச் சொன்னாள்:

"கேம் இல்லாத பொட்டிய வச்சிகினு இன்னா நைனா பண்றது? மீன் பொட்டின்னு விக்கலாம். ஒரு சொட்டு தண்ணி ஒழுகாது."

மறுநாள் ஒரு வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டு ராயபுரம் போனேன். அவள் மீனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"மீன் நல்லா கீது அங்கிள். ஆனா நான் எழுத மாட்டேன்."

"தண்ணில முக்கினாலும் ஓடும்மா அது."

"நான் இன்னா தண்ணிக்குள்ள குந்திகினா கேம் எழுதறேன்? பழைய பொட்டில என் கம்ப்யூட்டர் வயர சொருகி, எழுத எழுத ஓட்டிப் பாப்பேன். அந்த எடத்த ரெசின் ஊத்தி அடைச்சிட்டீங்க. இப்ப ஒரு வரி மாத்தினாலும் பஸ் புடிச்சி உங்க கொட்டாய்க்கு வந்து, நீங்க கேசட்ல ஏத்தித் தர்ற வரிக்கும் நிக்கணும். பேஜார் அங்கிள்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோபமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். காசிமேடு தாண்டும்போது ஒரு புதுப்படகு கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் மேலே தளம் போட்டு மூடவில்லை. படகை ஓட்டப் போகிறவன் வெறும் கூட்டுக்குள் இறங்கி நின்று, எஞ்சினுக்கு மேலே மூடி எங்கே வர வேண்டும் என்று கை காட்டிக்கொண்டிருந்தான். அங்கே எப்போதும் அப்படித்தான். தளம் போட்டுவிட்டு ஆளைக் கூப்பிட்டால் எவனும் அந்தப் படகில் ஏற மாட்டான். நான் தளம் போட்டுவிட்டு வஞ்சிரத்தோடு போயிருக்கிறேன்.

அந்த வாரமே ரெசின் ஊற்றாத ஒரு பெட்டியை மூடாமல் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். கூடவே ஒரு மார்க்கர்.

"நான் எழுதறேன்னு சொல்லவே இல்லையே" என்றாள்.

"எழுத வேணாம்மா. எங்கெங்க வாய் வேணுமோ கோடு போட்டுக் குடு. மீதி எடத்துல மட்டும் ஊத்தறேன்."

அவள் முதலில் கோடு போடவில்லை. வயரைச் சொருகி ஏதேதோ தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கோடு போட்டாள். யோசித்து, பக்கத்தில் இன்னொன்று. கேம் பாதியில் நின்றால் ஏன் நின்றது என்று பார்க்க அந்த இரண்டாவது வாய் என்றாள்.

"அப்பால, கேசட் ஏத்தற மெஷின் ஒண்ணு என் வூட்டுல இருக்கணும். நாளிக்கு நீங்க மூணாவது பொட்டி செஞ்சாலும் என் பழைய கேம் அதுல ஓடணும். சரின்னா யோசிக்கறேன்."

அந்த மெஷின் நான் என் கையால் செய்தது. அதுவரை கொட்டகைக்கு வெளியே அனுப்பியதில்லை. மகள் மறுநாளே அதை ஆட்டோவில் ஏற்றினாள். நான் தடுக்கவில்லை. அதைப் போல இன்னும் இரண்டு செய்து, போனவர்கள் இருவருக்கும் மூடாத பெட்டியோடு அனுப்பினேன்.

பல நாள் பேச்சே இல்லை. முந்தாநாள் அவளிடமிருந்து போன் வந்தது. எனக்குக் காது மந்தம் என்பதால் மகள் ஸ்பீக்கரில் போட்டாள். கொட்டகை முழுக்கக் கேட்டது.

"இன்னா பொட்டி அங்கிள் செஞ்சி வச்சிகீறீங்க? என் படகு முகத்துவாரத்துல நுழையறப்பல்லாம் நின்னுபூடுது. ரெண்டாவது வாய்ல பாத்துட்டேன். தப்பு என் மேல இல்ல, உங்க போர்டுலதான்."

"எந்தப் படகும்மா?"

"புது கேம். எண்ணூர் முகத்துவாரம். மணல்ல தட்டாம படக உள்ள கொண்டாரணும்."

பற்றவைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். சந்தோஷத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மணல் மேடு எந்தப் பக்கம் விழும், அலை எப்படித் திருப்பும் என்று ஆரம்பித்தேன்.

"அங்கிள், நீங்க பொட்டியப் பாருங்க. மணல நான் பாத்துக்கறேன். நாளிக்கு மூணு பேரும் அங்க வர்றோம். போர்ட சரி பண்ற வரிக்கும் நகர மாட்டோம்."

எங்கள் கொட்டகையில் எல்லாம் நின்றபடி செய்கிற வேலை. நான் போனை வைப்பதற்குள் மகள் பக்கத்து டீக்கடையில் மூன்று நாற்காலி இரவல் கேட்கப் போயிருந்தாள்.