சனிக்கிழமை ஃபினாயில்

வகுப்பறையில் கேஸ் நாற்றம் அடித்து லீவு விட்ட நாளை ஈடுகட்ட, இன்று சனிக்கிழமையும் பள்ளிக்கூடம்.

மகளை விட்டுவிட்டு, கேட் அருகே ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவள் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் பையை மாட்டிக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி வரிசையாக வெளியே வந்தார்கள். மணி அடிக்கவில்லை. யாரும் போகச் சொல்லவுமில்லை.

ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி, வரிசையில் இருந்த மகளைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னாலேயே துடைப்பத்தோடு ஆயா வந்தார். "இன்னாத்துக்கு எல்லாம் ஓடியார்றீங்கோ? நான்தாம்மா ஃபினாயில் ஊத்திக் கய்வினேன். வேற ஒண்ணும் இல்ல!"

டீச்சர் கெஞ்சினார். "உள்ள வாங்க கண்ணுங்களா. இன்னிக்கும் லீவு விட்டா வேலை நாள் கணக்குக்கு நான் எங்க போவேன்?"

ஒரு பிள்ளையும் நகரவில்லை.

மூக்கிலிருந்து கையை எடுக்காமலே என் மகள் கேட்டாள்: "அன்னிக்கும் ஒண்ணும் இல்லன்னுதான மிஸ் சொன்னீங்க?"

டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வகுப்பு இப்போது கேட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில் நடக்கிறது.

எது ஃபினாயில், எது கேஸ் என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் எவ்வளவு நேரம்தான் டைப் செய்வது?