மகனிடம் கேட்கக்கூடாத கேள்வி

காஞ்சிபுரத்தில் நோட்டரியாக இருக்கும் என்னிடம் ஓரிக்கையிலிருந்து ஓர் அம்மாள் மகனோடு வந்தார். தடித்த கண்ணாடி. தன் கடைசிக்கால சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரத்தை விரல் வைத்து, வாய்விட்டுத்தான் படித்தார். "பிழைக்க வழியில்லை என்றால் எனக்குச் செயற்கைச் சுவாசம் வேண்டாம்" என்ற வரியையும் அப்படியே படித்தார்.

மகன் சாட்சிக் கையெழுத்துப் போட மறுத்தார். "ஏம்மா, நான் உன்னைப் பார்த்துக்க மாட்டேனா?"

"பார்த்துப்பப்பா. உங்கப்பாவுக்குக் கடைசில மூச்சு மெஷினை எடுத்துடலாமான்னு டாக்டர் கேட்டப்ப, எடுக்கச் சொன்னது நான்தான். செஞ்சது சரியான்னு இத்தனை வருஷம் கழிச்சும் யோசிச்சிக்கினே இருக்கேன். அந்தக் கேள்வியை உங்கிட்ட யாரும் கேக்கக்கூடாது."

மகனுக்கு அன்றுவரை அது தெரியாது. அம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நான் முத்திரை வைத்தேன். இத்தனை வருஷம் அந்த அம்மாள் அதைத் தனியாக எப்படித் தாங்கினார் என்றுதான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.