பாடத்தின் நடுவே ஐந்து நிமிடம்

எங்கள் இயற்பியல் சாருக்கு ஒரு பழக்கம். பாதிப் பாடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்ச நேரம் பேசிக்குங்கப்பா" என்று ஜன்னலோரம் போய் நின்றுவிடுவார். அறுபதுகளின் கடைசி, கிருஷ்ணகிரியில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தோம். பாடமெல்லாம் இங்கிலீஷ். பாதிப் பேருக்கு ஒன்றும் புரியாது. மீதிப் பேர் புரிந்த மாதிரி தலையாட்டுவோம்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் வகுப்பே நடந்தது என்பேன். முன் பெஞ்சில் தெலுங்கு, பின்னால் தமிழ், எங்கள் பெஞ்சில் கன்னடம். என் பக்கத்தில் உட்காருகிறவன் அஞ்செட்டிக்கு அப்பால் மலையூர்க்காரன். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், அவன் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். தண்ணீருக்குள் ஒளி ஏன் வளைகிறது என்று, ஓசூர்த் தெருவில் பொறுக்கிய கன்னடத்தில் அவனுக்குச் சொல்வேன். ஒரு தடவை சொன்னால் போதும். "அர்த்த ஆயித்து" என்பான். புரிந்துவிட்டதாம். அப்புறம் கணக்கை எனக்கு முன்னால் போட்டு முடித்துவிட்டுச் சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சத்தம் பிரின்சிபால் காதில் விழுந்தது. "இதென்ன வகுப்பா, சந்தையா?" என்று எங்கள் முன்னாலேயே சாரைக் கடிந்துகொண்டார். பேச்சு நின்றது. சார் மட்டும் பாதியில் நிறுத்தி, துடைத்த பலகையையே திரும்பத் திரும்பத் துடைப்பார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் பிரின்சிபால் வராந்தாவிலேயே நடந்துகொண்டிருந்தார். கிசுகிசுத்து எவ்வளவு சொல்ல முடியும்?

அரையாண்டுத் தேர்வில் அவன் எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டான்.

அவன் அப்பாவை வரவழைத்தார்கள். தோளில் கம்பளி போட்டிருந்தார், தமிழ் வராது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீதானே கன்னடத்துல பேசிட்டே இருப்பே? இவருக்குச் சொல்லு. பையனுக்குப் படிப்பு ஏறல, கூட்டிட்டுப் போயி காட்டு வேலைக்கு விடச் சொல்லு."

"அவனுக்கு ஏறும் சார்."

"சொன்னதை மட்டும் சொல்லுடா."

சொன்னேன். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. என் கன்னடம் இன்றைக்கு மட்டும் யாருக்கும் புரியக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

அவன் அப்பாவுக்கும் ஒரு தடவை சொன்னதே போதுமாக இருந்தது. கம்பளியைக் கையில் எடுத்துக்கொண்டு, பிரின்சிபாலைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அர்த்த ஆயித்து சாமி" என்றார்.